மங்கிய படம் எதைக் காட்டிக்கொடுக்கிறது?

கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், கணினியில் திறந்ததும் ஈரத் துணியால் துடைத்த ஓவியம்போல் இருக்கும். உடனே பழி லென்ஸின் மேல் விழும். லென்ஸ் பெரும்பாலும் நிரபராதி. ‘மங்கல்’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன: கேமரா ஆடியிருக்கலாம், எதிரில் இருப்பவர் அசைந்திருக்கலாம், ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை வளர்த்துவிடுவதும் உண்டு. எனவே அமைப்புகளை மாற்றத் தொடங்குமுன் நோய் எது என்று பார்க்க வேண்டும்.

படத்தை 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவு அது. முதலில் புள்ளி வெளிச்சங்களைத் தேடுங்கள்: தூரத்து விளக்கு, கண்மணியில் விழுந்த ஒளிப்பொட்டு, உலோக விளிம்பின் மினுக்கம். அவை படம் முழுக்க ஒரே திசையில் கோடாகவோ சிறு கொக்கியாகவோ இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து, கையும் முகமும் மட்டும் இழுபட்டிருந்தால் அசைந்தது ஆள். புள்ளிகள் இழுபடாமல் வட்டத் தட்டுகளாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. அப்போது பெரும்பாலும் படத்தில் வேறு ஏதாவது ஒன்று கூர்மையாக அகப்படும். காது துல்லியம், கண் மங்கல் என்பது இந்தத் தவறின் வழக்கமான முகம்.

முதலில் கை ஆட்டம். கை நடுங்கும்போது கேமரா மிகச் சிறிய கோணத்தில் திரும்புகிறது. அதே கோணம், 50 மி.மீ. லென்ஸில் நகர்த்தும் பிம்பத்தை 200 மி.மீ. லென்ஸில் நான்கு மடங்கு தள்ளி நகர்த்தும். குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் அந்த மி.மீ. எண்ணை, தலைகீழாக்கி ஷட்டர் வேகமாக, அதாவது ஷட்டர் ஒளிக்குத் திறந்திருக்கும் நேரமாக, வைத்துக்கொள் என்ற பழைய விதி இதிலிருந்து வந்ததுதான்: 50 மி.மீ.க்கு 1/50 நொடி, 200 மி.மீ.க்கு 1/200 நொடி. ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சார், ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி வகை என்றால் குவியத் தூரத்தை 1.5-ஆல் (கேனனில் 1.6-ஆல்) பெருக்கிக்கொள்ள வேண்டும், 50 மி.மீ. லென்ஸ் அங்கே 1/80 கேட்கும். இந்த விதி ஃபிலிம் காலத்து அளவான பிரிண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது. 24 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் பார்ப்பவர்கள் வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது.

பிடிக்கும் முறையும் பாதி வேலையைச் செய்யும். இடது உள்ளங்கை மேல்நோக்கி லென்ஸின் அடியில் இருக்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது அதுதான். முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். வியூஃபைண்டர் இருந்தால் அதைக் கண்ணோடு அழுத்திப் பிடித்தால் தலையும் ஒரு ஊன்றுகோல் ஆகிவிடும். பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்தபின், விரலைத் தூக்காமல் மெல்ல மீதியை அழுத்துங்கள். குத்தினாற்போல் அழுத்தினால் கேமராவின் வலப்பக்கம் கீழே இறங்கும். பல படங்களில் மேலும் கீழுமாகத் தெரியும் இழுப்பு அந்தக் குத்தின் தடம். வெளிச்சம் குறைவான இடத்தில் தொடர்ச்சியாக மூன்று படம் எடுப்பது நல்ல தந்திரம். அழுத்தும் அசைவு முதல் படத்திலும் விடும் அசைவு கடைசிப் படத்திலும் போய்விட, நடுப்படம் பிழைத்துக்கொள்ளும். முக்காலியில் வைத்து எடுக்கும்போது 2 நொடி டைமரைப் போட்டுவிட்டால் விரல்பட்ட அதிர்வு அடங்கிய பிறகே ஷட்டர் திறக்கும்.

உங்கள் கையின் எல்லை எது என்பதை ஒரு மாலையில் அளந்துவிடலாம். அச்செழுத்து உள்ள ஒரு தாளைச் சுவரில் ஒட்டி 1/250, 1/125, 1/60, 1/30, 1/15 என ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து படம் எடுங்கள். ஐந்தில் குறைந்தது நான்கு படம் கூர்மையாக வரும் கடைசி வேகம்தான் அந்த லென்ஸுக்கு உங்கள் எல்லை. அதிர்வைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அதைப் போட்டும் அணைத்தும் இரு முறை செய்தால் அதன் உண்மையான மதிப்பும் தெரிந்துவிடும்.

ஆனால் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் அடக்கும், ஓடும் குழந்தையை அல்ல. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர், உங்களுக்கு 5 மீட்டர் தள்ளிக் குறுக்கே நடக்கிறார். 50 மி.மீ. லென்ஸில் அவருடைய பிம்பம் உண்மை அளவில் நூறில் ஒரு பங்கு. எனவே அது சென்சாரின் மேல் நொடிக்கு 14 மி.மீ. நகரும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.006 மி.மீ. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் பிம்பம் கிட்டத்தட்ட 39 பிக்சல் தூரம் இழுபடும். 1/250-இல் 9 பிக்சல், 1/500-இல் 5 பிக்சல், 1/1000-இல் 2 பிக்சலுக்குச் சற்று மேல். சாதாரண நடைக்கே இவ்வளவு! வீசும் கை உடலைவிட வேகமாகப் போகும் என்பதால் முகம் தெளிந்தும் விரல்கள் கரைந்தும் வருவதில் வியப்பில்லை. நேரே நம்மை நோக்கி வருபவரின் பிம்பம் பக்கவாட்டில் அதிகம் நகராது. அவருக்குக் குறைந்த வேகம் போதும். ஊஞ்சல் உச்சியில் நிற்கும் கணம், குதித்தவர் மேலே மிதக்கும் கணம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

பல கேமராக்களின் தானியங்கி முறை வீட்டுக்குள் 1/60 அளவிலேயே நின்றுவிடும். ஆகவே ஷட்டர் வேகத்தை நீங்களே 1/500 என்று நிறுத்துகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வெளிச்சம் எட்டில் ஒன்றாகிவிட்டது. மூன்று ஸ்டாப் இழப்பு (ஒளி ஒருமுறை பாதியாவதோ இரட்டிப்பாவதோ ஒரு ஸ்டாப்). இதை ஈடுகட்ட இரண்டே வழி. லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை எஃப்/4-இலிருந்து எஃப்/2.8-க்குத் திறந்தால் (எண் சிறிதானால் துளை பெரிது) ஒரு ஸ்டாப் கிடைக்கும். மீதி இரண்டு ஸ்டாப்புக்கு, படம் எவ்வளவு பிரகாசமாகப் பதிய வேண்டும் என்பதைக் கூட்டும் அமைப்பான ஐ.எஸ்.ஓ.வை 800-இலிருந்து 3200-க்கு ஏற்ற வேண்டும். ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் புள்ளிபுள்ளியாக வருமே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஐ.எஸ்.ஓ. எண் அல்ல, ஒளியின் பஞ்சம். ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது இதுதான். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். இழுபட்ட கண்ணை மீட்பது மிகக் கடினம்.

அப்பெர்ச்சரைத் திறந்ததற்கான விலையை ஃபோகஸ் கட்டும். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, எதிரில் இருப்பவர் 2 மீட்டரில்: ஃபுல் ஃபிரேமில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 17 செ.மீ. எஃப்/8-இல் அது 80 செ.மீ. 1 மீட்டருக்கு நெருங்கிவிட்டால், எஃப்/1.8-இல் வெறும் 4 செ.மீ. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மூச்சு விடும்போது உடல் முன்னும் பின்னும் ஆடுவதே போதும், கண் கைநழுவிவிடும்.

திரையின் நடு ஃபோகஸ் புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பிப் படச் சட்டத்தை அமைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஃபோகஸ் விழுவது ஒரு புள்ளியில் அல்ல, சென்சாருக்கு இணையான ஒரு தளத்தில். 1 மீட்டரில் பிடித்துவிட்டு 15 பாகை திருப்பினால் அந்தத் தளமும் கூடவே திரும்பி, கண்ணுக்கு 3.4 செ.மீ. பின்னால் போய் நிற்கும். ஆழமோ இரு பக்கமும் 2 செ.மீ.தான். எஃப்/8-இல் யாரும் கவனிக்காத இந்தப் பிழை எஃப்/1.8-இல் படத்தையே கெடுத்துவிடும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் நகர்த்துங்கள், அல்லது கண்ணைத் தேடும் வசதி இருந்தால் அதை நம்புங்கள். அசையாதவற்றுக்கு ஒருமுறை பிடித்து நிற்கும் ஒற்றை ஃபோகஸ், நெருங்கி வருபவருக்கு விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். வெற்றுச் சுவர்போல் கோடோ விளிம்போ இல்லாத பரப்பில் எந்தத் தானியங்கி ஃபோகஸும் முன்னும் பின்னும் அலையும். பக்கத்தில் ஒரு விளிம்பைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

சரி, ஆழம் வேண்டுமென்று எஃப்/22 வரை மூடிவிடலாமா? ஒளி சிறு துளைக்குள் நுழையும்போது விரிகிறது. எஃப்/8-இல் ஒரு புள்ளி சுமார் 0.011 மி.மீ. அகலத் தட்டாக விழும், எஃப்/22-இல் 0.03 மி.மீ., அதாவது மேற்சொன்ன சென்சாரில் ஐந்து பிக்சல். எல்லாமே ஃபோகஸில் இருந்தும் எதுவும் கூர்மையாக இராது. பெரும்பாலான லென்ஸ்கள் எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் இடையில்தான் தங்கள் நல்ல நாளைக் காண்கின்றன.

மேற்சொன்ன எந்த அடையாளமும் பொருந்தாமல், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்து படம் மொத்தமும் பால்போல் வெளுத்திருந்தால், லென்ஸின் முன்கண்ணாடியில் விரல் எண்ணெய் இருக்கிறது. செல்பேசிப் படங்களில் இது சர்வ சாதாரணம். மென்மையான துணியால் ஒருமுறை துடைத்தால் தீர்ந்தது. விளிம்புகள் கூர்மையாக இருந்தும் தோல் மெழுகாகவும் முடி தூரிகை இழுப்பாகவும் தெரிந்தால், அது மங்கலே அல்ல. புள்ளிகளை அழிக்கப்போன மென்பொருள் நுணுக்கங்களையும் சேர்த்து அழித்திருக்கிறது; கேமராவின் மெனுவில் அதன் அளவைக் குறைத்துவிட்டு, அல்லது ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலத் தரவாக, சேமித்து, மறுபடி எடுத்துப் பாருங்கள்.