வீல் நட்டு அசையவில்லையா? முதலில் ஜாக்கியை இறக்குங்கள்

பஞ்சரானதும் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு, அப்புறம் நட்டோடு மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம். இறுகிய நட்டை அப்படி முக்கி இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி விழும். டயர் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். அதற்கும் முன்னால் ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கல்.

ஸ்பேனர் அளவு சரியா என்று பாருங்கள். மாருதி கார்களில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் 17 மில்லிமீட்டர் போல்ட். ஒரு அளவு பெரிய ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், பிறகு எந்தப் பலமும் உதவாது. அறுமுனை சாக்கெட் நல்லது. பன்னிரண்டு முனை எளிதில் வழுக்கும்.

ஸ்பேனரை நட்டின் அடிவரை அழுத்தி மாட்டி, கைப்பிடி இடப்பக்கம் படுக்கையாக இருக்கும்படி வைத்து, கீழ்நோக்கி நிதானமாக மிதியுங்கள். கால் கீழே போனால் நட்டு இடஞ்சுழியாகத் திரும்பும். ஏறிக் குதிக்க வேண்டாம். 60 கிலோ எடையுள்ளவர் 25 செ.மீ. கைப்பிடி நுனியில் நின்றால் சுமார் 147 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை (டார்க்) கிடைக்கும். அரை மீட்டர் இரும்புக் குழாயைக் கைப்பிடியில் செருகி அதன் நுனியில் மிதித்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அதற்கும் அசையாவிட்டால் துரு பிடித்திருக்கலாம். அப்படியானால் நட்டின் விளிம்பில் செம்பழுப்புப் பொடி தெரியும். துரு நீக்கும் ஸ்பிரேயை மரையில் மட்டும் படும்படி அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளியும் படக்கூடாது. பிறகு ஒரு நூலளவு இறுக்கும் திசையில் தள்ளிப் பாருங்கள்: "டக்" என்று சத்தம் வந்தால் துருவின் பிடி விட்டது, இனி கழற்றலாம். நெருப்பு காட்டிச் சூடேற்றுவது வேண்டவே வேண்டாம். டயர் வெடிக்கும், பேரிங் கிரீஸ் உருகி ஓடும்.

இறுகியதற்கு துருவை மட்டும் குறை சொல்ல முடியாது. பஞ்சர் கடையில் ஏர் கன்னால் "டர்ர்" என்று அடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். கார் நட்டுகளுக்கு ஏறத்தாழ 85 முதல் 130 நியூட்டன் மீட்டரே போதும். உங்கள் வண்டிக்கான டார்க் அளவு கையேட்டில் இருக்கும். கையால் பொருத்திவிட்டு டார்க் ரெஞ்சால் (டார்க்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முடிக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மரைக்கு கிரீஸ் தடவவும் கூடாது: உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டு நீளும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். எதிரெதிர் நட்டாக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.