ஒன்றுமே நடக்காத இசைக்குள் என்ன நடக்கிறது?

புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வரும். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுவதும் வெளியீட்டுக்கு அதுதான் நாள். சென்ற வெள்ளி இரவு, சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அப்படி வந்த ஒரு ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து மெல்ல ஒலிக்கும் இசை) ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பதினெட்டு நிமிடத்துக்கு ஒரே துண்டு. குரல் கிடையாது, தாளம் கிடையாது. ஹார்மோனியத்தை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு நீண்ட ஒலி, அதன்மேல் இன்னொன்று. அத்தை ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

நியாயமான கேள்வி. இந்த வகை இசையை முதன்முதலாகக் கேட்கிற எல்லோருக்கும் வருவது. இதற்குப் பதில் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. ஒன்று நிமிடத்துக்கு 120 முறை அடிக்கிறது, மற்றொன்று 118 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடியும் ஒன்றாக விழும்போது ஒரே தறி ஓடுவது போலக் கேட்கும். அடுத்த அடியில் மயிரிழை விலகும். கொஞ்ச நேரத்தில் 'டடக், டடக்' என்று குதிரை ஓடும். கால் நிமிடத்தில் ஒன்றின் அடிக்குச் சரிநடுவில் மற்றதன் அடி விழுந்து, இரட்டை வேகத்தில் ஓடும் ஒரே தறியாகிவிடும். அரை நிமிடம் முடியும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும். இத்தனை தாளத்தையும் யாரும் வாசிக்கவில்லை. எந்தத் தறியும் தன் ஓட்டத்தை மாற்றவில்லை. மாறியது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும்.

1965இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் இதையே டேப் ரெக்கார்டரில் கண்டுகொண்டார். ஒரே பேச்சுத் துண்டை இரண்டு கருவிகளில் ஓட விட்டார். அவை சேர்ந்து ஓடவில்லை, மெல்ல மெல்ல விலகின. அந்த விலகலையே இசையாக்கினார். தறியில் குறுக்கே ஓடுவதையும் நாம் நாடா என்கிறோம், ரெக்கார்டரில் சுற்றுவதையும் நாடா என்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர்ப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. விமான நிலையங்களுக்கென்று அவர் 1978இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு துண்டு முழுக்க மனிதக் குரல்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனி நாடா வளையத்தில், அதாவது முனைகளை ஒட்டியதால் சுற்றிச் சுற்றி ஒலிக்கும் டேப்பில், பதிவானது. வளையங்கள் மிக நீளமானவை என்பதால் ஸ்டுடியோவில் இருந்த அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி ஓட விட்டார்கள். அவற்றில் மூன்றின் நீளத்தை ஈனோவே ஒரு உரையில் சொல்லியிருக்கிறார்: இருபத்து மூன்றரை நொடி, 25 நொடியும் எட்டில் ஏழு பங்கும், 29 நொடியும் பதினாறில் பதினைந்து பங்கும்.

பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வளையங்கள் மட்டும் ஓடினாலே, தொடங்கிய நிலைக்கு அவை திரும்ப 81 நிமிடம் ஆகும். மூன்றாவதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 27 நாள்! ஆல்பத்தில் அந்தத் துண்டு ஒன்பது நிமிடம்கூட இல்லை. ஆகவே அதில் எந்த நொடியும் இரண்டாம் முறை வருவதில்லை. அதே சில குரல்கள்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள்.

சரி, தறியின் அரை நிமிடச் சுற்றைச் சுருக்கிக்கொண்டே போனால்? 220 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 220 அதிர்வு) ஒரு ஒலி, 221இல் இன்னொன்று. நொடிக்கு ஒருமுறை இரண்டு அலைகளின் முகடும் சேர்ந்து ஒலி பெருகும், ஒருமுறை முகடும் பள்ளமும் சந்தித்து அடங்கும். இதற்கு நம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் தரும் சொல் 'விம்மல்'. இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு செல்போனில் சுருதிப் பெட்டி ஆப்பைப் போட்டு, ஒன்றைத் துளி நகர்த்திப் பாருங்கள், உடனே கேட்கும். வித்தியாசம் கூடக் கூட விம்மல் வேகமாகும். நொடிக்கு இருபதை நெருங்கும்போது எண்ண முடியாமல் கரகரப்பாக மாறிவிடும்.

தம்புராவில் நடப்பது இன்னும் நுட்பமானது. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த சுரங்கள்) ஒலிக்கக் கூடாது என்பது விதி. தம்புராவில் அவையும் ஒலிக்கின்றன என்று சி.வி. ராமன் 1921இல் எழுதினார். காரணம் குதிரையின் (கம்பிகளைத் தாங்கும் கட்டையின்) வளைந்த மேற்பரப்பும், அதன்மேல் கம்பிக்கு அடியில் செருகும் ஒரு பருத்தி நூலும். அதிரும் கம்பி அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகும்போது, அடிச்சுரத்தின் ஆற்றல் மேற்சுரங்களுக்குப் போகிறது. மீட்டிய பிறகுதான் ஒலி ஒவ்வொரு நிறமாக விரிகிறது. இன்று சிந்தசைசரில் மணிக்கணக்காகத் தேடிச் செய்யும் வேலையை ஒரு நூல் செய்துவிடுகிறது.

நம் காதுக்கும் இதில் பங்கு உண்டு. ஒலி தொடங்கும் கணத்தில் செவி நரம்பு வேகமாகத் துடிக்கும், பிறகு அதே ஒலி நீடித்தால் துடிப்பு தணிந்துவிடும். மூளையும் பழகிக்கொள்ளும்: தெருவில் புதிதாக வருபவர் தறிச் சத்தத்தில் காதைப் பொத்துகிறார், எங்களுக்கு அது கேட்பதே இல்லை. ஆம்பியன்ட் கலைஞர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். ஒலியின் தொடக்கத்தைத் தேய்த்து, சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவருவார்கள். எப்போது வந்தது என்று நமக்குத் தெரியாது. அது போன பிறகுதான் இருந்ததே தெரியும்.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் இதைக் கேட்டு முடிவு செய்துவிடாதீர்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பெரும்பாலும் ஊமை. இந்த இசையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

இடமும் முக்கியம். நல்ல ஆல்பம் வந்தால் நான் ஏற்காட்டுக்குக் கொண்டு போய்க் கேட்பேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால், காற்றழுத்தம் சேலத்தைவிட 13 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும். நடுச்செவியில் மாட்டிக்கொண்ட காற்று செவிப்பறையை வெளியே தள்ளி விறைப்பாக்கும். விறைத்த பறையில் முதலில் அடிபடுவது கீழ்ச்சுரம்தான். அதனால் மேலே போனதும் நாலைந்து முறை எச்சில் விழுங்கி, காது 'பொட்'டென்று திறந்த பிறகே ஹெட்ஃபோனை மாட்டுவேன். காலை ஐந்தரைக்கு, சுற்றிலும் சத்தம் இல்லாத சேர்வராயன் மலையில், சேலத்தில் வைக்கும் ஒலியளவில் பாதி போதும். கீழே தறிச் சத்தம் மூடி மறைத்த மெல்லிய மேற்சுரங்கள் அங்கே ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அன்றிரவு அத்தைக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் கழித்து, "மூச்சு விடற மாதிரி இருக்குது" என்றார். நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான விம்மல் அது.

அப்புறம் கரண்ட் போனது. தெருவே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி அமைதி. அத்தை ஹெட்ஃபோனைக் கழற்றி, தறி நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் விளக்கு வந்தது. முதலில் எதிர்வீட்டுத் தறி, பிறகு மூலைவீடு, பிறகு எங்கள் பக்கத்து வீடு, ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அத்தை ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, தறிகள் எப்போது சேர்ந்து அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்தார்.