இழுபடம்: பிடித்து, இழுத்து, விடுவது

எங்கள் கணினி வகுப்பு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு கோவில் மண்டபத்தின் ஓரத்தில், சனிக்கிழமை மாலைகளில் நடக்கிறது. நான்கு மேசை, ஆறு பழைய மடிக்கணினி. வருகிற பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு குலை பொறுக்கியவர்கள். போன மாதம் ஒரு பையன், “சார், இந்தப் படத்தை டிராக் பண்ண முடியல” என்றான். பக்கத்தில் இருந்த பெண், “செரெட் பண்ணணும்டா” என்றாள். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிப்பதால் அவளுக்கு அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. நான், “இழுக்கணும்” என்றேன். ஒரே மேசையில் ஒரே வேலைக்கு மூன்று சொற்கள். மூன்றும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கப் போய், கடைசியில் அந்தப் பையனின் நிரலில் இருந்த பிழையையும் கண்டுபிடித்தோம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சுட்டியின் முனையைப் படத்தின் மேல் வைத்து இடது பொத்தானை அழுத்துகிறோம். அழுத்தியபடியே கையை அசைத்தால் படமும் கூடவே வருகிறது. வேண்டிய இடம் வந்ததும் பொத்தானை விடுகிறோம். இதைத்தான் ஆங்கிலத்தில் டிராக் என்கிறார்கள். சேர வேண்டிய இடத்தில் விடுவதையும் சேர்த்துச் சொன்னால் டிராக் அண்ட் டிராப். கோப்பைக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டு போவதும், திரையில் சதுரங்கக் காயைத் தள்ளி வைப்பதும், ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரல்மொழியில் கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோப்பதும் இதே கைவேலைதான்.

ஆங்கிலச் சொல்லுக்கு வயது அதிகம். பழைய ஆங்கிலத்தில் ‘டிரகன்’ என்றொரு வினை இருந்தது. வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘டிரகா’ இருந்தது. இரண்டுக்கும் இழுத்தல் என்றே பொருள். அந்தப் பழைய ஆங்கில வினைதான் தேய்ந்து இன்றைய ‘டிரா’ ஆனது. நோர்ஸ் வழியாகவோ வட்டார வழக்காகவோ அதன் உடன்பிறப்பாக நின்றுவிட்டது ‘டிராக்’. டிரா என்றால் இழு. டிரா என்றால் படம் வரை. எழுதுகோலைத் தாளின் மேல் இழுத்தால் கோடு விழுகிறது, அவ்வளவுதான். மேசையில் இழுத்துத் திறக்கும் அறைக்கு டிராயர் என்று பெயர் வந்ததும் இதனால்தான். தமிழில் அதை இழுப்பறை என்று சொல்கிறோம்.

தமிழ்க் காதுக்கு இது புதிதே இல்லை. “ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழு” என்று எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் கேட்கலாம். வரைவதும் நகர்த்துவதும் ஒரே வினையின் இரண்டு வேலை என்பது இரண்டு மொழிகளுக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. கணினி வரலாற்றிலும் அவை சேர்ந்தே பிறந்தன. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவை வைத்துக் கோடு இழுக்கலாம். இழுத்த கோட்டை அதே பேனாவால் பிடித்து வேறிடத்துக்கும் இழுக்கலாம்.

இனி நம் ‘இழு’. இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான வேர். கன்னடத்தில் ‘எளெ’ என்பார்கள், அங்கே ழகரம் ளகரமாகிவிட்டது. தமிழில் இந்தச் சிறிய வினை சுமக்கிற பாரத்தை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. தேர் இழுக்கிறோம், மூச்சு இழுக்கிறோம், சுருட்டு இழுக்கிறார்கள், பாட்டில் ராகம் இழுக்கிறார்கள். ஒருவரை வம்புக்கு இழுக்கலாம். தீராத பேச்சுவார்த்தை இழுபறி. தாமதப்படுத்துவது இழுத்தடிப்பது. குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இழுப்பு. இவை எல்லாவற்றிலும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது: ஒரு முனையில் விசை, மறு முனையில் வந்துகொண்டே இருக்கிற பொருள், நடுவில் அறுபடாத தொடுப்பு. திரையில் படம் கையோடு வருவதும் அப்படித்தான். எனவே டிராக்குக்கு ‘இழு’ என்பதை யாரோ கஷ்டப்பட்டு மொழிபெயர்த்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அது இருந்த சொல்.

‘இழுக்கு’ வேறு. “இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்” என்ற குறளில் இழுக்கல் என்றால் வழுக்கல். அதிலிருந்து தவறு, குற்றம் என்ற பொருளும் வந்தது. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ‘இழுவை’ என்பதையும் நான் இங்கே கொண்டுவர மாட்டேன். காற்றோ நீரோ ஒரு பொருளின் ஓட்டத்தைத் தடுக்கும் விசைக்கும், இழுவை வண்டிக்கும் அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

மலாய்ச் சொல்லை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது நமக்கு ஒன்றைச் சொல்லித் தருகிறது. மலாயில் இழுத்தலுக்குப் பல சொற்கள் உண்டு. தன் பக்கம் இழுப்பது ‘தாரேக்’. கதவை இழு என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பது அதுதான், தே தாரேக்கில் இருப்பதும் அதுதான். நாம் தேநீரை ஆற்றுகிறோம், அவர்கள் இழுக்கிறார்கள். தரையோடு உராய இழுத்துப் போவது ‘செரெட்’. கணினிக்கு அவர்கள் எடுத்தது செரெட். திரை என்ற பரப்பின் மேல் படம் ஒட்டியபடி நகர்கிறது என்பதை அந்தச் சொல் காட்டிவிடுகிறது. நம் ‘இழு’ இரண்டையும் அடக்கியது, சூழலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அந்தப் பையனின் பிழைக்கு வருவோம். அவன் பைத்தான் என்ற நிரல்மொழியில், சாளரங்களையும் படங்களையும் காட்ட உதவும் ஆயத்த நிரல்தொகுப்பான டிகின்டர் நூலகத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு தோட்டம். லயத்து வீடு, கோவில், செம்பனை என்று ஒவ்வொரு படத்தையும் இழுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். படங்களைத் தாங்கும் பரப்புக்கு அங்கே கேன்வஸ் என்று பெயர். கித்தான் என்று நான் சொன்னதும் பிள்ளைகள் ரப்பர் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கித்தா என்றால் ரப்பர், மலாயின் கெத்தாவிலிருந்து வந்தது. கித்தான் என்பது முரட்டுத் துணி என்று விளக்கினேன். ‘படம்’ என்ற சொல்லும் முதலில் துணியைக் குறித்ததுதான். துணியில் எழுதியதால் சித்திரத்துக்கே அந்தப் பெயர் வந்தது. படத்தைக் கித்தானில் வைப்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

அவன் எழுதியது இவ்வளவுதான்: பொத்தானை அழுத்தியபடி சுட்டி அசைந்தால், சுட்டி இருக்கும் இடத்தில் படத்தை வை. படம் நகரவும் செய்தது. ஆனால் தொட்டு அசைத்த உடனே ஒரு துள்ளு துள்ளி, தன் நடுப்பகுதியைச் சுட்டியின் முனைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. பிறகுதான் கூடவே வந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை, காரணமும் தெரியவில்லை.

பேத்தியை அழைத்துப் போக வந்திருந்த பாட்டி ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் பல வருடம் மட்டை இழுத்தவர். வெட்டி விழுந்த மட்டைகளை நிரைக்கு நடுவில் இழுத்து அடுக்கும் வேலை. மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள், பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் கேட்டார்: “என்ன தம்பி இது? மட்டையை அடியில புடிச்சா அடிதான் கையில இருக்கும். நுனியில புடிச்சா நுனி. இந்தப் பையன் எங்க புடிச்சாலும் அது நடுவைக் கொண்டாந்து கையில கொடுக்குதே?”

பிழை அதுதான். நிரல் இழுத்தது, ஆனால் பிடிக்கவில்லை.

கணக்காகச் சொல்கிறேன். திரையில் இடத்தை இடது மேல் மூலையிலிருந்து அளப்பார்கள்: வலப்பக்கம் எத்தனை பிக்சல், கீழே எத்தனை பிக்சல் என்று. டிகின்டரில் படத்தின் இடம் என்றால், நாம் வேறு சொல்லாதவரை, அதன் நடுப்புள்ளி. நடுப்புள்ளி 200, 150 என்ற இடத்தில் இருக்கிறது. பையன் பொத்தானை அழுத்தியது 230, 170இல். அதாவது நடுவிலிருந்து 30 வலப்பக்கம், 20 கீழே. இந்த 30, 20 என்பதுதான் பிடித்த இடம். அழுத்தும் கணத்தில் இதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சுட்டி 300, 260க்குப் போனால் படத்தின் நடுவை 270, 240இல் வைக்க வேண்டும். பிடித்த இடம் விரலை விட்டு அகலாது, துள்ளலும் இல்லை. இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சுட்டி கடைசியாக எவ்வளவு அசைந்ததோ அவ்வளவு படத்தையும் அசைத்தாலும் துள்ளாது. ஆனால் படம் விளிம்பைத் தாண்டக் கூடாது என்று ஒரு தடையை வைத்துப் பாருங்கள். தடையில் படம் நிற்கும், சுட்டி மேலே போகும், திரும்பி வரும்போது படம் கையில் இல்லாமல் வழுக்கியிருக்கும். அதனால் பிடித்த இடத்தை நினைவில் வைக்கும் முறையே எனக்கு நம்பகமானது.

டிராக் என்ற சொல்லில் பிடி என்பது ஒளிந்துகிடக்கிறது என்பதற்கு ஆங்கிலம் பேசும் பொறியாளர்களே சாட்சி. அதே மாசசூசெட்ஸ் கழகத்தில் 1984இல் பிறந்த எக்ஸ் சாளர முறையில், பொத்தானை அழுத்தியதும் சுட்டியின் அசைவுகள் எல்லாம் அந்தச் சாளரத்துக்கே போய்ச் சேரும், முனை வெளியே போய்விட்டாலும்கூட. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிராப், பிடுங்கிப் பிடித்தல். விண்டோஸில் அதே வேலைக்கு கேப்சர், கைப்பற்றல். இழு என்பதற்குள் அடங்காத பிடியை அவர்களும் வேறு சொல்லில் தனியே எழுத வேண்டியிருந்தது.

டிகின்டரில் இன்னொரு பிடியும் உண்டு, புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம். ஒரு செயற்கூறுக்குள், அதாவது பெயரிட்டு வைத்த கட்டளைத் தொகுதிக்குள், படத்தைத் திறந்து கித்தானில் வைத்துவிட்டு, அந்தப் படத்தை வெளியே எந்த மாறியிலும் வைத்துக்கொள்ளாவிட்டால், செயற்கூறு முடிந்ததும் படம் மறைந்துவிடும். வெற்றிடம்தான் தெரியும். யாரும் பிடித்துக்கொள்ளாத பொருளைப் பைத்தான் துடைத்துவிடுகிறது, கித்தான் வைத்திருப்பது பெயரை மட்டும். “படத்தை யார் பிடித்திருக்கிறார்கள்?” என்று கேட்டால் பிள்ளைகள் இப்போது தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

‘நகர்த்து’ என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அம்புக்குறி விசையை அழுத்தியும் படத்தை நகர்த்தலாம், அங்கே இழுப்பு இல்லை. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் சுட்டி இருந்தும், ஒரு பொருளை நகர்த்த அதைத் தேர்ந்து, விசைப்பலகையில் அதற்கென்று இருந்த விசையைத் தட்டி, பிறகு சேருமிடத்தைச் சுட்ட வேண்டும். 1983இல் ஆப்பிளின் லிசாவிலும் அடுத்த ஆண்டு மேக்கின்டாஷிலும் பொருளைக் கையால் இழுப்பது பொதுவழக்கானது. ஆக, நகர்த்துவது நடக்கும் விளைவு. இழுப்பது கை செய்யும் செயல். கணினியும் இந்தக் கைச்செயலைக் கவனித்தே இழுப்பு என்று ஏற்கிறது. கை லேசாக நடுங்கினால் இழுப்பாகிவிடக் கூடாது என்பதற்காக, க்யூட் என்ற இன்னொரு நிரல் நூலகத்தில் 10 பிக்சல் தூரம் அசைந்த பிறகே இழுப்பு தொடங்கியதாகக் கொள்வது வழக்கம்.

அப்புறம் ‘டிராப்’. தமிழாக்கங்களில் இழுத்து விடு, இழுத்துப் போடு என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன். பாட்டியின் வாயில் வந்தது இழுத்துப் போடுவதுதான்: “மட்டைய இழுத்துப் போட்டுட்டு வா.” அங்கே எந்த இடம் என்பது முக்கியமில்லை, குவியலில் சேர்ந்தால் போதும். கோப்பைக் கோப்புறையில் இழுத்துப் போடலாம். கோவில் படத்தை அதன் இடத்தில் இழுத்துப் போட மாட்டோம், இழுத்து வைப்போம். மலாயிலும் விடுவதற்கு ‘லெப்பாஸ்’, வைப்பதற்கு ‘லெத்தாக்’ என்று தனித்தனியே இருக்கிறது. பொத்தானிலிருந்து விரல் எழும் நிகழ்வுக்கு மட்டும் ‘விடு’ என்பது சரி. இழுத்து விடுதல் என்று பொதுப்பெயராக வைத்துக்கொள்வதிலும் எனக்கு மறுப்பில்லை.

இழுக்க இடம் கொடுக்கும் படத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ‘இழுக்கத்தக்க படம்’ என்று எழுதலாம், ஆனால் வாயில் நிற்காது. என் பரிந்துரை இழுபடம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. இழுவிசை என்று இயற்பியலில் ஏற்கெனவே இதே அமைப்பு இருக்கிறது. இழுத்த படம், இழுக்கிற படம், இழுக்கும் படம் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

பைத்தானின் மூன்றாம் பதிப்பில் செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அந்தப் பையன் தன் நிரலைத் திருத்தி எழுதியபோது மூன்று செயற்கூறுகளை வைத்தான். பொத்தான் அழுந்தும்போது ‘பிடி’, அழுந்தியபடி அசையும்போது ‘இழு’, எழும்போது ‘விடு’. 30ம் 20ம் ‘பிடி’க்குள் போய் உட்கார்ந்தன. லயத்து வீட்டை அதன் கூரை நுனியில் பிடித்து, கோவிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தான். துள்ளவில்லை.