குதிரைத்திறன் இருக்கட்டும், டார்க் வரைபடத்தைக் காட்டுங்கள்

இந்த வருடத்தில் இது நான்காவது இன்ஜின். கோவையில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருக்கிறது, அதே சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடக்கிறது. வண்டிக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி: "எப்படிங்ணா? வெறும் 135 தானுங்களே ஏத்துனோம்?"

இந்த "வெறும் 135"தான் எனக்கு ஆகாத வார்த்தை. 110 குதிரைத்திறன் வண்டியை, உள்ளே ஒரு பாகமும் மாற்றாமல், ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றி (இதுதான் ரீமேப்) 135 ஆக்குவது பெரிய பாவமில்லை, நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) எடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தம்பியின் டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) தாளில் 1,800 ஆர்பிஎம்மிலேயே 260 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. கம்பெனி கொடுத்தது 175.

கணக்குப் போடுவோம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023 ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 1,800 இல் 260 என்றால் வருவது 67 தான்! அதே வண்டி 5,000 இல் 190 கொடுத்தாலே 135 ஆகிவிடுகிறது. அப்போ அந்த 260 எதற்கு? ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும், அதற்குத்தான். அந்த ஒரு நொடி சுகத்துக்கு ராடு விலை கொடுக்கிறது. ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, எரியும் அழுத்தம் அதன் தலையில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது, பேரிங்கில் ஆயில் படலமும் மெலிசு. உடைவது குதிரைத்திறனால் இல்லை, இதனால்.

உடனே ஒரு பதில் வரும்: "நாக் சென்சர் பார்த்துக்கும்ணா." கலவை தாறுமாறாக எரியும் தட்டல் சத்தத்தைக் கேட்டு, ஈசியூவை உஷார்படுத்தும் சென்சர் அது. பார்த்துக்கொள்ளாது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜினில், குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கொடுத்தால், பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. பொறிக்கு முன்பே தீ பிடித்துவிட்டால், பொறியைத் தாமதப்படுத்தி சென்சர் எதைக் காப்பாற்றும்? இந்த வியாதியைக் கட்டுப்படுத்தவும்தான் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியம் அமைப்பின் தரக் குறியீடு) தர ஆயில் 2020 இல் வந்தது. ரீமேப் செய்த வண்டியில் அதற்குக் கீழே எதையும் ஊற்றாதீர்கள், 15,000 கிலோமீட்டர் வரை இழுக்கவும் வேண்டாம், பாதியிலேயே மாற்றுங்கள்.

(பூஸ்ட் சென்சருக்கும் ஈசியூவுக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டிகள் தனிக் கதை. அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியூவிடம் பொய் சொல்வதுதான் அவற்றில் பலவற்றின் முழு வேலை. டாக்டரிடம் சுரத்தைக் குறைத்துச் சொல்கிற மாதிரி.)

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ரீமேப் போட்ட கையோடு எல்லோரும் போவது ஊட்டிக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இன்ஜினுக்கு மொத்தம் 2 பார் காற்றழுத்தம் (கடல் மட்டத்தில் இருப்பது சுமார் 1 பார்) வேண்டுமென்றால் கடற்கரையில் டர்போ காற்றை 2 மடங்கு அமுக்கினால் போதும், ஊட்டியில் 2.6 மடங்கு. உயரத்துக்கேற்ப பூஸ்டைக் குறைக்கும் வரம்பைக் கம்பெனி வைத்திருக்கும். அதைத் தூக்கிவிட்டால் டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். உங்கள் ரீமேப்பில் அந்த வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மற்றவை சுருக்கமாக. சிலிண்டர்கள் அழுத்தம் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல், ரீமேப் போட லேப்டாப்பைச் செருக விடாதீர்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப் என்றால் எப்போதும் 95 தான், வழியில் கிடைக்காவிட்டால் காலை அமுக்காமல் ஓட்டுங்கள். கியர்பாக்ஸையும் கேளுங்கள்: ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் வரும் 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். வாரண்டி போகும், தெரிந்தே செய்யுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள்.

தம்பி, ஒரே ஒரு வேண்டுகோள். டாப் கியரில் 1,500 இல் போகும்போது லாரியை முந்த காலை முழுசாக அமுக்காதே. ரெண்டு கியர் இறக்கிக்கோ.