ஒன்றரை ஷிஃப்ட் பாக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லாத விஷயம்

திருப்பூர்ல ஒருத்தர்கிட்ட தினமும் எத்தனை மணி நேரம் வேலைன்னு கேட்டா மணிக்கணக்குல பதில் வராது, ஷிஃப்ட் கணக்குலதான் வரும். காலைல எட்டரைக்கு உள்ள போய் சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய வந்தா ஒரு ஷிஃப்ட், ராத்திரி எட்டரை ஒம்போது வரைக்கும் இருந்தா ஒன்றரை, ஷிப்மென்ட் நெருக்கடின்னு ஒரு மணி வரைக்கும் இழுத்தா ரெண்டு. பனியன் கம்பெனில ஒன்றரை பாக்குறது இங்க ரொம்ப சாதாரணம். அஞ்சரைக்கு டிபன் பாக்ஸ தூக்கிட்டு கெளம்புறவங்கள "அவரு ஒரு ஷிஃப்ட் ஆளுங்க"ன்னு கொஞ்சம் எளப்பமாத்தான் சொல்லுவாங்க.

நான் இந்த ஊர்ல பொது மருத்துவம் பாக்குறேன். டெய்லர், கட்டிங் மாஸ்டர், தச்ச துணிய சரிபாக்குற செக்கிங் அக்காங்க, அயர்ன் மாஸ்டர், பத்து மெஷின் போட்டு சொந்தமா யூனிட் நடத்துற ஓனர்னு எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்து டோக்கனுக்கு காத்திருப்பாங்க.

2023 அக்டோபர்ல நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னாரு, 2025 ஜனவரில எல் அண்ட் டி தலைவர் பேசுன 90 மணி நேரப் பேச்சு வெளிய வந்துச்சு, ஞாயித்துக்கிழமை உங்கள வேலைக்கு வரவைக்க முடியலையேங்கற வருத்தத்தோட. ரெண்டு தடவையும் டிவில நாலு நாள் சண்ட. என் பெஞ்சுல உக்காந்திருந்தவங்களுக்கு அதுல ஒண்ணும் அதிர்ச்சி இல்ல. ஒன்றரை ஷிஃப்ட்ல சாப்பாட்டு நேரம், டீ நேரம் கழிச்சாலும் ஆறு நாளுக்கு அறுபது மணி நேரம் தாண்டிடுது. நாராயணமூர்த்தி கேட்ட எழுபதுக்குப் பக்கத்துல இங்க ஓவர்லாக் தையல் மெஷின் முன்னாடி உக்காந்து ரொம்ப வருசமா குடுத்துட்டுத்தான் இருக்காங்க, யாரும் பாராட்டு விழா எடுக்கல, அவ்ளோதான்.

இப்ப நான் பாக்குற விஷயத்துக்கு வர்றேன். நெஞ்சு எரிச்சல், தலைவலி, கால் வீக்கம், கை மரமரப்புன்னு வர்றவங்க எல்லாத்தையும் சொல்லுவாங்க, வேலை நேரத்த மட்டும் சொல்ல மாட்டாங்க. "நல்லா தூங்குறீங்களா"ன்னு கேட்டா "படுத்தா உடனே தூங்கிருவேனுங்க டாக்டர்"னு பெருமையா ஒரு பதில். படுத்த உடனே தூங்குறது நல்ல தூக்கத்துக்கு அடையாளம்னு எல்லாருமே நினைக்கிறாங்க, பல நேரம் அது தூக்கக் கடன் ஏறிப்போனதோட அடையாளம். அதனால நான் கேள்விய மாத்திக் கேப்பேன். நேத்து எத்தன மணிக்கு படுத்தீங்க, இன்னைக்கு எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க, இந்த வாரம் எத்தன ஷிஃப்ட். அப்பத்தான் வெளிய வரும், பன்னண்டரைக்கு படுத்து அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது. ஏன் இத மொதல்லயே சொல்லலன்னா, சொன்னா சோம்பேறின்னு நினைச்சிருவாங்களோன்னு ஒரு கூச்சம். டாக்டர்கிட்டயே இந்தக் கூச்சம்னா சூப்பர்வைசர்கிட்ட எப்படி இருக்கும்னு யோசிங்க. கொங்குல உழைப்பாளின்னு பேர் வாங்குறது சாதாரண விஷயம் இல்ல, கல்யாணத்துக்கு பையன் பாக்குறப்பவே அதத்தான் மொதல்ல விசாரிப்பாங்க.

நம்ம மனசுல உழைப்பு வேற, நேரம் வேறன்னு பிரிச்சுப் பாக்குற பழக்கமே இல்ல. எவன் அதிக நேரம் உக்காந்திருக்கானோ அவன் நல்லவன். ஆனா ஒடம்புக்கு நீங்க நல்லவரா கெட்டவரான்னு தெரியாது, அதுக்கு மணி மட்டும்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்குறவங்களுக்கு, 35லேர்ந்து 40 மணி நேரம் பாக்குறவங்களோட ஒப்பிட்டா பக்கவாதம் வர வாய்ப்பு 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு மாதிரி இதயநோய்ல சாகுற வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். 2016ல மட்டும் உலகம் முழுக்க 7,45,000 சாவு இந்தக் கணக்குல வருது. நம்ம ஆளுங்க இதக் கேட்டா "எங்கப்பா இப்படித்தான் உழைச்சாரு, எழுபது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு"ன்னு சொல்லுவாங்க. இதுலதான் சிக்கலே இருக்கு. அந்தக் கணக்குல செத்துப்போனவங்கள்ல பெரும்பாலானவங்க 60லேர்ந்து 79 வயசுல செத்தவங்க, அவங்க அப்படி நேரம் காலம் இல்லாம உழைச்சது 45 வயசுக்கு மேல. நடுவுல வருசக்கணக்குல இடைவெளி இருக்கறதால யாரும் ரெண்டையும் முடிச்சுப் போடறதில்ல. அவரு வீட்ல திண்ணைல உக்காந்திருக்கப்ப வாய் கோணிப்போச்சுன்னா வயசாயிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிருவோம், எந்தக் கம்பெனி கணக்குலயும் அது வராது.

ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். தூங்குறப்ப நம்ம ரத்த அழுத்தம் பகல்ல இருக்கறதவிட பத்துலேர்ந்து இருவது சதவீதம் கொறையும், ரத்தக் குழாய்க்கு ஓய்வு கெடைக்குறதே அந்த நேரத்துலதான். நாலு மணி நேரம் தூங்குனா அந்த ஓய்வும் அந்தளவுக்கு கொறையும். சர்க்கரையும் அப்படித்தான், 1999ல சிகாகோல ஆரோக்கியமான இளவட்டப் பசங்களயே ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, சர்க்கரைய சமாளிக்கற சக்தி தெளிவா கொறஞ்சு போச்சு. ஆறே ராத்திரி. இங்க சீசன் நேரத்துல அது மாசக்கணக்குல ஓடுது, அப்பறம் முப்பத்தஞ்சு வயசுல சர்க்கரைன்னு சொன்னா "எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லீங்களே டாக்டர்"னு நம்பமாட்டாம பாக்குறாங்க.

உடனே தெரியற ஆபத்தும் ஒண்ணு இருக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட கவனமும் கையோட வேகமும், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு இறங்கிப்போகுதுன்னு ஆய்வுல நிரூபிச்சிருக்காங்க. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03தான். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி, புள்ளைங்கள கெளப்பிவிட்டு, ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சு, கடைல சாமான் வாங்கிட்டு பத்து மணிக்கு ஸ்கூட்டில போறவங்க ஒரு சொட்டு குடிக்காமலே அந்த அளவத் தாண்டிட்டாங்க. பல்லடம் ரோட்டுல போலீஸ் ஊதச் சொன்னா மெஷின்ல சைபர்தான் காட்டும். விரல்ல ஊசி ஏறி வர்ற டெய்லருங்ககிட்ட எப்ப நடந்துச்சுன்னு கேப்பேன், சாயங்கால டீக்கு அப்பறம்னு சொல்றவங்கதான் அதிகம்.

பொம்பளைங்க கதை தனி. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிசம் அதுக்கு செலவழிக்கிறாங்க, செய்யற ஆண்கள் 97 நிமிசம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அத எந்த ஷிஃப்ட்லயும் சேக்கறதில்ல. செக்கிங்ல நின்னுட்டே இருக்கறதால காலு வீங்கி நரம்பு சுருட்டிக்குது, பாத்ரூம் போனா பீஸ் கொறையும்னு காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம இருந்து நீர்க்கடுப்பு, காய்ச்சலோட வர்றாங்க. நான் மாத்திரை எழுதி "நெறைய தண்ணி குடிங்க"ன்னு சொன்னா தலையாட்டுவாங்க. அந்த லைன்ல எத்தன பேருக்கு எத்தன பாத்ரூம்னு கேக்காம நான் குடுக்கற அந்த அறிவுரைக்கு மதிப்பே கெடையாது.

ஓனருங்களும் இந்த எடத்துல கோவிச்சுக்குவாங்க. "நானும் டெய்லருக்கு கைமடி ஹெல்ப்பரா ஆரம்பிச்சவன் சார், ராத்திரி பகல் பாக்காம உழைச்சுத்தான் இந்த எடத்துக்கு வந்தேன்". உண்மைதான், இந்த ஊர்ல நெறைய பேரு அப்படி கீழருந்து வந்தவங்கதான், நான் அத மறுக்கவே இல்ல. ஆனா பதினாலு மணி நேரம் கம்பெனில இருக்கற ஓனரு நடுவுல எந்திரிச்சு ஒரு காபி குடிக்கலாம், போன் பேசலாம், பேங்குக்குப் போய்ட்டு வரலாம், வேலைய எப்ப நிறுத்தணும்னு அவரே முடிவு பண்ணலாம். பிளாட்லாக் தையல் மெஷின்ல உக்காந்திருக்கறவருக்கு அதே தையல், அதே குனிஞ்ச கழுத்து, முன்னாடி துணி பண்டல் குமிஞ்சிட்டே இருக்கும். வேலைப்பளு அதிகமாவும் அது மேல நமக்குன்னு கட்டுப்பாடு கம்மியாவும் இருந்தா அதுதான் மனுசன ரொம்ப வாட்டும்னு 1979லயே ஒரு ஆய்வுல சொல்லிட்டாங்க. அதனால அவரோட பதினாலு மணி நேரமும் இவரோட பன்னண்டு மணி நேரமும் ஒண்ணு கெடையாது.

இன்னொரு பேச்சும் இப்ப அடிக்கடி காதுல விழுது, "இந்திக்காரப் பசங்கதாங்க வேலை செய்யறானுங்க, நம்மாளு சோம்பேறி ஆயிட்டான்". ஒடிசா, பீகார், ஜார்கண்ட்லேர்ந்து வர்ற பசங்க பொண்ணுங்க என்கிட்டயும் வர்றாங்க. கம்பெனி ஹாஸ்டல்ல எட்டு பேரு ஒரு ரூம்ல, பேசறதுக்கு ஆள் இல்ல, போறதுக்கு எடம் இல்ல, ஊருக்கு எவ்ளோ அனுப்ப முடியுமோ அவ்ளோ அனுப்பிட்டு சீக்கிரம் திரும்பணும். ரூம்ல சும்மா உக்காந்திருக்கறதுக்கு ரெண்டு ஷிஃப்ட் பாக்கலாமேன்னுதான் பாக்குறாங்க. அது அந்த மண்ணோட குணம்னு சொல்றதெல்லாம் சும்மா. அவங்கதான் நோய் முத்துனப்பறம் கடைசியா வர்றவங்க, மூணு வாரமா இருமிட்டு இருந்துட்டு வருவாங்க, ஏன்னா ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒரு ஷிஃப்ட் போச்சு.

எங்க தொழிலும் யோக்கியம் இல்ல. முப்பத்தாறு மணி நேர டூட்டி பாத்ததப் பத்தி சீனியர் டாக்டருங்க மெடல் வாங்குன மாதிரி பேசுவாங்க. பயிற்சி டாக்டர்களுக்கான வேலை தொடர்ச்சியா 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 1992லயே மத்திய அரசு உத்தரவு இருக்கு, எந்த வார்டுல மாட்டி வச்சிருக்காங்கன்னு தேடத்தான் வேணும். 2004ல அமெரிக்கால ஒரு ஐசியுல, இருவத்துநாலு மணி நேரத்துக்கு மேல நீளற பழைய டூட்டில பயிற்சி டாக்டர்கள் செஞ்ச பெரிய தப்புகள், நேரத்தக் கொறச்ச டூட்டியவிட 36 சதவீதம் அதிகம்னு கண்டுபிடிச்சாங்க.

நேரம் கூடுனா உற்பத்தி கூடும்னு நினைக்கறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. முதல் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்து குண்டுத் தொழிற்சாலைல எடுத்த பதிவுகள வச்சு 2014ல ஒரு பொருளாதார நிபுணர் கணக்குப் போட்டாரு, வாரம் 50 மணி நேரத்துக்கு அப்பறம் உற்பத்தி வேகம் இறங்குது, 70 மணி நேரம் வேலை பாத்தவங்க செஞ்சதுக்கும் 56 மணி நேரம் பாத்தவங்க செஞ்சதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. இத நான் சொல்லித்தான் செக்கிங் அக்காங்களுக்கு தெரியணும்னு இல்ல, ராத்திரி ஏழு மணிக்கு மேல வர்ற பீஸ்ல ஆல்ட்டர், அதாவது திரும்பத் தைக்க வேண்டியது, எவ்ளோன்னு அவங்ககிட்ட கேளுங்க.

அப்பறம் ஏன் ஒன்றரை பாக்குறாங்க? பாசத்துல இல்ல, ஒரு ஷிஃப்ட் சம்பளத்துல வாடகையும் ஸ்கூல் பீஸும் கட்ட முடியாது. இதுல ஒரு கணக்கு கவனிங்க. 1948 ஃபேக்டரி சட்டத்துலேர்ந்து இப்ப வந்திருக்கற புது லேபர் கோடு வரைக்கும் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல, அதாவது ஆறு நாளும் எட்டு மணி நேரம் போக, வாங்கற ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு கூலின்னுதான் இருக்கு. கூடுதலா பாக்குற அரை ஷிஃப்ட்ட நாலு மணி நேரம்னு வச்சா ஒரு முழு ஷிஃப்ட் கூலி சேரணும், அதாவது ஒன்றரை பாத்தவருக்கு ரெண்டு ஷிஃப்ட் காசு. நெறைய எடத்துல கைக்கு வர்றது ஒன்றரைதான். ஷிஃப்ட்டுன்னு எண்ண ஆரம்பிச்சதுல ஓவர்டைம்ங்கற பேச்சே காணாமப் போச்சு. 2023 ஏப்ரல்ல பன்னண்டு மணி நேர வேலைக்கு வழி விடற சட்டத் திருத்தத்த நம்ம சட்டசபைல நிறைவேத்தி, எதிர்ப்பு வந்து நிறுத்தி வச்சு, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சாரு. அப்ப பிபி பாக்க வந்த ஒரு கட்டிங் மாஸ்டர் "ஏற்கனவே நடந்துட்டு இருக்கறதுக்கா சட்டம் போட்டாங்க"ன்னு கேட்டுட்டு சிரிச்சாரு.

வேலைய விடுங்கன்னு நான் யாருக்கும் சொல்லப்போறதில்ல, சொன்னா அடுத்த தடவ வேற டாக்டர்கிட்ட போயிருவாங்க. டாக்டர்கிட்ட வந்தா பேரு, வயசுக்கு அடுத்து ஷிஃப்ட்ட சொல்லுங்க. பிபி மாத்திரை ரெண்டு வேளை எழுதியிருந்து ராத்திரி வேளை தவறிட்டே இருக்குன்னா அத மறைக்காம சொல்லுங்க, ஒரு நாளைக்கு ஒரே தடவ போடற மாத்திரை இருக்கு, மாத்தித் தரலாம். தூக்கத்துல குறட்டை பலமா விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறுதுன்னு வீட்ல சொன்னாங்கன்னா அது அசதி இல்ல, காட்டணும். மெஷின்ல இருக்கறப்ப திடீர்னு ஒரு கை பலம் இழந்தாலோ, பேச்சு குழறுனாலோ, வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ பண்டல முடிச்சுட்டு போலாம்னு உக்காந்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும்.

லீவு போட்டா காசு போகும்ங்கற பயத்துக்கும் ஒரு வழி இருக்கு, பாதி பேருக்கு தெரியறதில்ல. தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான ஈ.எஸ்.ஐ. பிடிக்கற கம்பெனில நீங்க வேலைல இருந்து, ஆறு மாசத்துல 78 நாளுக்கு உங்க பேர்ல பணம் கட்டியிருந்தா, டாக்டர் சர்டிபிகேட்டோட வருசத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் ஈ.எஸ்.ஐ.யே குடுக்கும். காண்ட்ராக்டர் மூலமா வேலை பாக்குறவங்க, சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களா, பிடிச்சத உங்க நம்பர்ல கட்டியிருக்காங்களான்னு இந்த சனிக்கிழமை சம்பளம் வாங்கறப்பவே கேளுங்க. அந்த நம்பர் இருந்தா அடுத்த தடவ வர்றப்ப எடுத்துட்டு வாங்க, சர்டிபிகேட்டுக்கு எந்த டிஸ்பென்சரிக்குப் போகணும்னு பாத்து சொல்றேன்.