களி உண்ட பின் கால்கள் செய்யும் வேலை

கிருஷ்ணகிரியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தெருவினர் குழுவாகச் சேர்ந்து நடைப் போட்டி தொடங்கியுள்ளனர். செல்பேசி காட்டும் காலடிகளை வாரந்தோறும் கூட்டி, அதிகம் நடந்த அணிக்குப் பரிசு தருகிறார்களாம். சர்க்கரை நோய் உள்ள தமக்கு நாளொன்றுக்கு 10,000 காலடி கட்டாயமா, காலையில்தான் நடக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

10,000 என்ற எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியோடு பரவியது. வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பூட்டுவது தசைக்குள் நடப்பதுதான். இரவில் ராகிக் களி உண்கிறோம் என்று கொள்வோம். ராகியும் மாவுச்சத்துதான்; அது செரித்துக் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேரும், அதில் பெரும்பங்கைத் தசைகள் உள்வாங்க வேண்டும். அதற்குச் செல்லின் சவ்வில் குளுட்-4 என்னும் புரதம் கதவாக நின்று வழிவிட வேண்டும். ஆனால் ஓய்விலுள்ள தசையில் இக்கதவுகளில் பெரும்பாலானவை சவ்வில் இருப்பதில்லை. செல்லுக்குள் நுண்பைகளில் பத்திரமாக இருக்கின்றன. இன்சுலின், செல்லின் வெளிப்புறத்தில் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியில் வந்து சேர்ந்ததும், புரதத்திலிருந்து புரதத்துக்குச் செய்தி கைமாறி, அப்பைகள் நகர்ந்து சவ்வோடு இணைகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பழுதுபடுவது இந்தச் செய்திப் பாதையே; கதவுகள் உள்ளேயே இருக்கின்றன, அழைப்புதான் போய்ச் சேர்வதில்லை.

நடக்கும்போதோ வேறொரு பாதை விழித்துக்கொள்கிறது. கெண்டைக்காலும் தொடையும் சுருங்குவதற்காகத் தசை நாருக்குள் கால்சியம் வெளிவிடப்படுகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாவதை உணர்ந்து ஏ.எம்.பி.கே. என்னும் நொதி செயல்படத் தொடங்குகிறது. இத்தகைய செய்திகள் சேர்ந்து, இன்சுலினை எதிர்பாராமலேயே குளுட்-4 பைகளைச் சவ்வுக்குக் கொண்டுவருகின்றன. நோய் உள்ளவர்களிடமும் இப்பாதை பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது அடைந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

நடை நின்ற சில மணி நேரத்தில் அக்கதவுகள் உள்ளே திரும்பிவிடும். எனினும் இன்சுலினின் அழைப்பைக் கேட்கும் திறன் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை மேம்பட்டிருக்கும்.

ஆகவே நேரமும் தொடர்ச்சியுமே முக்கியம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், விருப்பமான நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக ஏறியது. இரவு உணவுக்குப் பின் அது 22 சதவீதம். அதில் பங்கேற்றவர்கள் 41 பேர் மட்டுமே. களியும் சாமைச் சோறும் உண்ணும் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களிடையே இத்தகைய ஆய்வை நடத்தப் பெரும் நிதி தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு அதை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 

குழுவால் பயன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. நடைக்குழுக்கள் குறித்த 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரை, உறுப்பினர்களின் ரத்த அழுத்தமும் உடல் கொழுப்பும் குறைந்ததையும், பெரும்பாலோர் இடையில் விலகாமல் தொடர்ந்ததையும் காட்டியது. ஆனால் வாரக் கூட்டுத்தொகைக்குப் பரிசு என்ற விதியை மட்டும் மாற்றிவிடுங்கள். ஆறு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிறன்று அணைக்கட்டு வரை நடந்து கணக்கை நிரப்புபவரின் தசைக்கு, புதனன்று அந்த நடை உதவாது. இரவு உணவுக்குப் பின் நடந்த நாள்களை எண்ணுங்கள்; இரண்டு நாள் தொடர்ந்து நடக்காதவருக்கு மதிப்பெண் குறையட்டும்.

இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இவ்விரு பாதைகளும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும். அவர்கள் போட்டியில் சேரும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிவிட வேண்டும். நடக்கும்போது சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும்.