இன்னும் நூறு அடி

போன வியாழக்கிழமை இரவு ஒன்றே முக்காலுக்கு போன் அடித்தது. பொங்கலூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர். தோப்பில் ஆழ்துளைக் கிணறு, நாம் போர் என்கிறோமே அது, போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் கம்ப்ரஸர் இரைச்சலில் பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது. "அம்மிணி, ஆயிரத்து நூத்தம்பது ஆச்சு. புகைதான் வருது. இன்னொரு நூறடி போயிப் பாத்தறலாமா?" தண்ணீர் இல்லாமல் காய்ந்த பாறைப் பொடி மட்டும் பறப்பதைத்தான் புகை என்பார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு அவர் தோப்பில் ஆய்வு செய்தது நான்தான். கொடுத்த தாளில் 480 அடி என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, "இதற்குள் வராவிட்டால் நிறுத்தவும்" என்றும் எழுதியிருந்தேன். அந்தத் தாள் அப்போது அவர் சட்டைப் பையிலேயே இருந்ததாம். "நிறுத்துங்க ஐயா" என்றேன். "செரி கண்ணு" என்று வைத்துவிட்டார். விடியும்போது 1,320 அடி ஆகியிருந்தது. குழியில் ஈரம்கூட இல்லை. மருமகளின் நகை அடமானத்துக்குப் போயிருக்கிறது.

இந்தக் கோடையில் நான் பார்க்கும் நான்காவது வறண்ட குழி இது. திருப்பூர், கோவை மாவட்டங்களில் 22 வருடமாக நிலத்தடி நீர் ஆய்வு செய்கிறேன். எங்கே போர் போடலாம் என்று கேட்க எல்லோரும் வருகிறார்கள். எங்கே நிறுத்தலாம் என்று கேட்டு வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. மேலே மண், அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே எங்கோ ஓர் ஆறு ஓடுகிறது, எட்டும்வரை தோண்டினால் கிடைத்துவிடும் என்று. அந்தப் படம் தவறு. எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது, தவறு. நம் பாறைக்கு அடியில் இருப்பதும் பாறைதான். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிப்பட்ட கடினப் பாறை. பல்லடம், காங்கயம், சூலூர், அவிநாசி எல்லாம் அதில்தான் வருகின்றன. இந்தக் கருங்கல்லுக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடம் கிடையாது. மேலே இருக்கிற, சிதைந்து உதிரும் சுக்காம்பாறையில் நிற்கும்; அதற்குக் கீழே பாறையில் விழுந்திருக்கும் வெடிப்புகளில் நிற்கும். நாம் ஊற்றுக்கண் என்று சொல்வது அந்த வெடிப்பைத்தான்.

ஆழம் போகப் போக அந்த வெடிப்புகளுக்கு என்ன ஆகிறது? மேலே இருக்கும் பாறையின் கனம் அவற்றை அழுத்தி மூடுகிறது. 300 அடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் பாறையின் பாரம் சுமார் 25 கிலோ. 1,000 அடியில் அது 80 கிலோவைத் தாண்டிவிடும். அந்த அழுத்தத்தில் வெடிப்பு இருந்தாலும் முடி அளவுக்குத்தான் திறந்திருக்கும். மழைநீர் அங்கே போய்ச் சேரும் வழியும் அதே அளவுக்குத்தான். அதனால் பாறை நிலத்தில் நல்ல ஊற்றுகளில் பெரும்பாலானவை முதல் முந்நூறு, நானூறு அடிக்குள் இருக்கின்றன. 1964லேயே டேவிஸ், டர்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பாறைக் கிணறுகளின் கணக்கைப் பார்த்து இதை எழுதிவிட்டார்கள். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு கூடுதல் அடிக்கும் கிடைக்கும் தண்ணீர் குறைகிறது, எங்கே நிறுத்துவது என்பதைச் செலவுக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும் என்று. அறுபது வருடம் ஆகிவிட்டது. நம் ஊர் வரப்பு வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

"மன்னார்குடியில் என் சம்பந்தி வீட்டில் ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் வந்ததே" என்பார்கள். வரும். டெல்டாவில் இருப்பது மணல் அடுக்கு, களி அடுக்கு. நெய்வேலிப் பக்கம் கீழ் அடுக்கில் தண்ணீர் தானே மேலெழும்பும் அளவுக்கு அழுத்தத்தோடு நின்றது. அந்த நிலத்தில் இன்னும் கொஞ்சம் ஆழம் போவதற்குப் பொருள் உண்டு. பல்லடத்துக் கருங்கல்லில் அந்தக் கணக்கு செல்லாது.

சரி, ஆயிரம் அடிக்குக் கீழே யாருக்குமே தண்ணீர் கிடைத்ததில்லையா? கிடைத்திருக்கிறது. எனக்கே மூன்று நான்கு தோட்டங்கள் தெரியும். பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. 1,200 அடியில் ஒருவருக்கு ஒன்றரை இஞ்ச் தண்ணீர் (போரில் வரும் நீரின் அளவை இஞ்சில்தான் சொல்வோம்) வந்தால் அந்தக் கதை டீக்கடை, சந்தை, கல்யாண வீடு எல்லாம் சுற்றி வருகிறது. அதே ஊரில் அதே ஆழம் போய் வெறும் புகை பார்த்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. கடன் வாங்கித் தோற்றதை யார் பந்தியில் உட்கார்ந்து சொல்வார்? அதனால் ஜெயித்த கதை மட்டுமே நம் காதுக்கு வருகிறது. தோற்ற குழிகளை என்னைப் போல வேலைக்காகப் போகிறவர்கள்தான் பார்க்கிறோம்.

போர் போடும் வண்டியான ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போது மனித மனம் என்ன ஆகிறது என்பதையும் நிறையப் பார்த்துவிட்டேன். பகலில், திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது, "அஞ்சு நூறுக்கு மேல போகவே மாட்டனுங்க" என்று சொன்ன அதே ஆள், இரவு பதினொன்றுக்கு 500 அடி ஆனதும் வேறு ஆளாகிவிடுகிறார். இதுவரை போட்ட காசு வீணாகிவிடுமே என்ற பயம் வந்துவிடுகிறது. சுற்றி நிற்கும் பங்காளிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ரிக் ஆபரேட்டர், "பக்கத்துத் தோட்டத்துல எண்ணூறுல வந்துதுங்க" என்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அடிக்கணக்கில்தான் கூலி, அவரும் விடிய விடியத் தூசியில் நிற்கிறார். ஆனால் அடிக்கணக்கில் காசு வாங்குகிறவரிடம் நிறுத்தலாமா என்று கேட்பது சரியில்லை. முதல் முந்நூறு அடிக்கு ஒரு விலை, அதற்கு மேல் நூறு அடிக்கு ஒருமுறை விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதாவது தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு குறையக் குறைய, ஓர் அடிக்கு நாம் கொடுக்கும் காசு கூடிக்கொண்டே போகிறது. வேறு எந்தச் சாமானையாவது இப்படி வாங்குவோமா?

துளை இறங்க இறங்க ஒன்றோடொன்று சேர்க்கும் இரும்புக் குழாய்தான் ராடு. ஒரு ராடு 20 அடி. இன்னும் நூறு அடி என்றால் ஐந்து ராடு. ஐந்து ராடு முடிந்ததும் அதே கேள்வி, அதே பதில். போட்ட காசு 500 அடியிலேயே போய்விட்டது. 501ஆவது அடி அதைத் திருப்பித் தராது. அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்குத்தான் புதிதாக வந்து பார்க்கிறேன் என்று வைத்துக்கொண்டால், கையில் மிச்சமிருக்கும் பணத்தை இந்தக் குழியில் போடுவேனா?

நிறுத்து நிறுத்து என்று மட்டும் சொல்கிறவள் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் குண்டடம் பக்கம் ஒரு தோட்டத்தில் 400 அடி ஆனதும் வீட்டுக்காரர் மனம் விட்டுவிட்டார். நான்தான் இன்னும் மூன்று ராடு போகச் சொன்னேன். 445இல் இரண்டு இஞ்ச் தண்ணீர். காரணம், 390இல் இருந்தே வெளியே வந்த பொடி ஈரமாகியிருந்தது. சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்த பாறைத் துகள், துரு ஏறியது போலப் பழுப்பாக மாறியது. கூடவே வெள்ளைக்கல்லும் வந்தது. ஒரு இடத்தில் ராடு சடக்கென்று அரை அடி இறங்கியது. பாறை பழுப்பாகிறது என்றால் அதன் பக்கத்தில் தண்ணீர் நடமாடியிருக்கிறது என்று பொருள். இந்த மாதிரி அடையாளம் இருந்தால் நானே கூட நின்று போகச் சொல்வேன். கடைசி 150 அடியாக ஒரே சாம்பல் நிறம், ஒரே வேகம், காய்ந்த பொடி என்றால் பாறை தன் பதிலைச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் போவதற்கு நம்மிடம் இருப்பது ஆசை மட்டும்தான்.

ஆகவே ஒன்று செய்யுங்கள், தயவுசெய்து. வண்டி வருவதற்கு முன்பே, பகலில், நிறுத்த வேண்டிய அடியை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அடையாளம் வந்தால் மட்டும் அதைத் தாண்டலாம், தாண்டினால் அதிகபட்சம் எத்தனை ராடு என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளை உங்கள் பையில் வைக்காதீர்கள். பெரியவர் பையில்தான் வைத்திருந்தார். உங்கள் பேச்சுக்குத் தலையாட்டாத ஒருவரிடம் கொடுங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் வீட்டு அம்மாதான். பணத்தையும் அந்த அடிக்கு ஆகும் அளவுக்கு மட்டும் எடுத்து வையுங்கள். ரிக் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் கடன் கேட்கும் நிலைமைக்குப் போகவே போகாதீர்கள். இருபது அடிக்கு ஒருமுறை பொடியை எடுத்து வரிசையாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். ஆபரேட்டர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பது பற்றிச் சண்டை போட நான் இங்கே வரவில்லை. இடம் காட்டுகிறவர் யாராக இருந்தாலும், என்னையும் சேர்த்துத்தான், ஒரு கேள்வி கேளுங்கள்: "இத்தனை அடிக்குள் வராவிட்டால் நிறுத்தலாம் என்று எழுதித் தருவீர்களா?" எழுதித் தராதவரிடம் இடம் கேட்காதீர்கள். ஆயிரம் அடி வரை கருவியில் தெரியும் என்று சொல்கிறவர்களிடமும் கவனமாக இருங்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வில் அவ்வளவு ஆழம் பார்க்க, அந்த ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு ஒயரை விரிக்க வேண்டும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கமே 209 அடிதான். வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே குறைந்த கட்டணத்தில் ஆய்வு செய்து தருகிறார்கள். வரிசையில் காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வாதம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. "வராட்டியும் ஆழமா இருந்தா தொட்டி மாதிரி தேங்கி நிக்குமுங்க." ஆறரை இஞ்ச் குழியில் நூறு அடிக்குத் தேங்குவது சுமார் 650 லிட்டர். முந்நூறு அடி கூடுதலாகப் போட்டால் இரண்டாயிரம் லிட்டர்கூட இல்லை. அந்தக் கொள்ளளவுக்கு பிளாஸ்டிக் தொட்டி என்ன விலை என்று கடையில் கேட்டுப் பாருங்கள். ஊற்றுக்குக் கீழே மோட்டார் நிற்க நாற்பது, ஐம்பது அடி போதும்.

ஆழத்தில் தண்ணீர் வந்தாலுமே கணக்கு முடிவதில்லை. விநாடிக்கு ஒரு லிட்டர் வீதம் 300 அடியிலிருந்து தூக்க ஏறக்குறைய இரண்டரை எச்.பி. போதும், 1,000 அடியிலிருந்து தூக்க எட்டு எச்.பி. வேண்டும். தோட்டத்துக்கு மின்சாரம் இலவசம் என்றாலும் மோட்டார், கேபிள், குழாய் எதுவும் இலவசம் கிடையாது. குடிக்க எடுப்பதாக இருந்தால் ஃப்ளோரைடு பரிசோதனை கட்டாயம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.

போரை நிறுத்தினால் விவசாயத்தையே விட்டுவிட்டதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரியவரும் அப்படித்தான் சொன்னார், "எங்கப்பா வெச்ச மரமுங்க அம்மிணி, காயறதப் பாத்துட்டு நிக்கச் சொல்றியா?" அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் காப்பாற்ற நினைத்தது மரங்களை. போர் அதற்கு ஒரு வழி மட்டும்தான். 480 அடியில் நிறுத்தியிருந்தால் மிஞ்சிய காசில் பண்ணைக்குட்டை வெட்டி, பழைய கிணற்றைத் தூர் வாரி, இரண்டு கோடைக்கு லாரித் தண்ணீர் வாங்கி, இளமரங்களை மட்டுமாவது நிறுத்தியிருக்கலாம். சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் இருக்கிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம் அது. உங்கள் நிலம் அப்படி ஒரு குளத்துக்குப் பக்கத்தில் இருந்தால், குளம் நிரம்பியபின் உங்கள் கிணற்று மட்டம் என்ன ஆகிறது என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்குச் செலவும் இல்லை.

வறண்ட குழியில் மழைநீரை விடலாமா என்று கேட்கிறார்கள். வெடிப்பே இல்லாத குழி தண்ணீரைத் தராதது போலவே உறிஞ்சவும் செய்யாது. முன்பு தண்ணீர் கொடுத்து இப்போது வற்றிய போராக இருந்தால் செய்யலாம், வடிகட்டும் தொட்டி கட்டிய பிறகு மட்டும்.

கடைசியாக ஒன்று. இதில் நான் கெஞ்ச மாட்டேன், கண்டிப்பாகத்தான் சொல்வேன். கைவிட்ட குழியை அன்றைக்கே மூடுங்கள். சாக்கு, கல், ஓலை எல்லாம் மூடி ஆகாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது இப்படிக் கைவிடப்பட்ட ஒரு குழியில்தான். நான்கு நாள் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்து தரை மட்டம் வரை மண், ஜல்லி, துளைத்த பொடி போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருக்கிறது. நிரப்பும்வரை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள், இல்லையென்றால் போல்ட் போட்ட மூடி. போர் தோற்ற வருத்தத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

நேற்று சாயங்காலம் பெரியவருக்கு போன் செய்தேன். தென்னையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குழிமேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். போதாது என்றேன். வெல்டர் காலையில் ஆறு மணிக்கு வருகிறாராம். வேலை முடிந்ததும் பேரனிடம் சொல்லி எனக்கு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.